சேற்று வாடை இல்லாத கெளுத்தி

ஐந்து கெளுத்திகளும் அண்டாவுக்குள் மீசையை ஆட்டிக்கொண்டு கிடந்தன. கலீல் குனிந்து மோந்து பார்த்தான். நிமிர்ந்தான். முதல் தடவை சரியாக மோந்தோமா என்று சந்தேகம் வந்து, மறுபடியும் குனிந்தான்.

"குட்டையையே தூக்கியாந்து அண்டாவுல ஊத்தின மாதிரி நாறுதுக்கா" என்றான்.

"குட்டையில பொறந்தது பின்ன மல்லிப்பூவாட்டமா மணக்கும்?" என்றாள் வெள்ளையம்மாள்.

அவள் கிடங்குக் காவலாளி குப்பனின் மனைவி. அன்று விடிந்ததும் இடுப்பளவு சேற்றில் இறங்கி, கூடையைக் கவிழ்த்து அமுக்கி, ஐந்தையும் பிடித்தவள் அவள்தான். சேலையில் சேறு இன்னும் காயவில்லை.

"மூணு நாளு நல்ல தண்ணியில உடுங்க சாயபு. துன்ன சேத்தையெல்லாம் தானா கக்கிடும். அப்பறம் அறுத்தா கறி தேங்காயாட்டம் இருக்கும்."

"மூணு நாளா? ஹாஜியார் நாளைக்கு மத்தியானம் வர்றாருக்கா!"

"இதை முந்தாநாளே சொல்லியிருக்கணும்."

"கடுதாசியே நேத்து சாயங்காலந்தான் வந்துச்சு."

கடுதாசி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. வாணியம்பாடி தோல் ஷாப்பிலிருந்து வந்த கார்டு. 'வியாழன் மத்தியானம் வருகிறேன். கெளுத்தி கிடைத்தால் நல்லது' என்ற இரண்டே வரி. கலீல் அதைப் பதினொரு தடவை படித்திருந்தான். 'கிடைத்தால் நல்லது' என்றால் கிடைக்காவிட்டால் கெட்டது என்றுதானே அர்த்தம்?

மலைமேல் நெல்லிவாசலில் இருந்த அந்தக் கிடங்குக்குக் கலீல் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மலைக்காரர்கள் பொறுக்கிக் கொண்டுவரும் கடுக்காயையும், அடிவாரத்திலிருந்து ஏறி வரும் ஆவாரம்பட்டையையும் வாங்கி, தோல் பதனிட ஹாஜியாரின் தோல் ஷாப்புக்கு மூட்டை கட்டி அனுப்புவது அவன் வேலை. வேலையில் குறை இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. அவனுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். ஜோஹரா வாணியம்பாடியில் இருந்தாள். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் அவன் கீழே இறங்கிப் போய்வந்தான். போன தடவை கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்து, "ஒரு கடுக்கா மூட்டையா பொறந்திருந்தா தினமும் உங்க மூஞ்சியைப் பாத்துட்டு இருந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மேலே இருப்பவனைக் கீழே அழைப்பதும், கீழே இருப்பவனை மேலே அனுப்புவதும் ஹாஜியார் ஒருவர் கையில்தான் இருந்தது. அவரோ வருடத்துக்கு ஒரு முறைதான் மலை ஏறுவார். ஆகவே கலீல் ஒரு திட்டம் போட்டிருந்தான். ஹாஜியார் வயிறாரச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவி வெற்றிலை போடும்போது, "மொதலாளி, கீழ ஏதாவது வேலை இருந்தா..." என்று ஆரம்பிக்க வேண்டும். அந்த வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தான். மூன்றில் எது நல்லது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

இடையில் நின்றது சேற்று வாடை ஒன்றுதான். ஹாஜியார் அத்தர் பூசுவதில் பேர் போனவர். அவருடைய ஜீப் வளைவில் திரும்புவதற்கு முன்பே அத்தர் திரும்பிவிடும். அப்படிப்பட்ட மனிதர் முன்னால் குட்டையைக் குழம்பாக வைப்பதா?

"தண்ணிய ஒரு நாளைக்கு எத்தினி தடவை மாத்தணும்?" என்று கேட்டான்.

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

அப்படியானால் மூன்று நாளைக்கு ஆறு தடவை. அந்த ஆறையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் மீனுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது? கணக்கில் எங்காவது தவறு இருக்கலாம் என்று பயந்து ஆறைப் பன்னிரண்டாக்கினான். குப்பன் முற்றத்துத் தொட்டிக்கும் அண்டாவுக்கும் குடத்தோடு நடந்தார்.

"மீனுக்கு இத்தினி தண்ணியா?" என்றார் ஐந்தாவது நடையில். "நான் குளிச்சே நாலு நாளாவுது."

"நீங்க சேத்தைத் துன்னீங்களாண்ணே?"

"துன்னா ஊத்துவீங்களா?"

ஏழாவது தண்ணீர் மாற்றும்போது, மீன்களைத் தானே எடுத்து விடுவதாகச் சொல்லிக் கலீல் கையை விட்டான். கெளுத்திக்கு இரண்டு பக்கமும் முள் உண்டு என்பது அவனுக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. அதை மீனே காட்டியது. அரை மணியில் அவனுடைய வலது கட்டைவிரல் கத்தரிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

"சுடுதண்ணியில முக்கி வையுங்க" என்றாள் வெள்ளையம்மாள். "மீனைச் சுடுதண்ணியில போடுறதுக்கு முன்னாடி ஆளே உள்ள எறங்கிட்டாரு" என்று புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள்.

விரலைச் சுடுதண்ணீரில் வைத்தபடியே கலீல் யோசித்தான். தண்ணீரை மாற்ற மீனைத் தொட வேண்டும், தொட்டால் குத்தும். தண்ணீர் தானாக மாறிக்கொண்டே இருந்தால்? குப்பன் குடம் நிரப்பிய முற்றத்துச் சிமெண்டுத் தொட்டி இருக்கிறதே! ஊற்றிலிருந்து மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் அதில் விழுந்து, நிறைந்து, விளிம்பு வழியாக வழிந்து ஓடும். இது ஏன் காலையிலேயே தோன்றவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு, ஐந்தையும் அண்டாவோடு கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்தான்.

"மேல பலகை வெக்கட்டுமா?" என்று கேட்டார் குப்பன்.

"வேணாண்ணே. மூடினா மீனுக்கு மூச்சு முட்டும்."

குப்பன் மீன்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை தொட்டியில் தெளிந்த தண்ணீர் இருந்தது. அதில் மீன் மட்டும் இல்லை.

கலீல் தொட்டியின் நான்கு மூலைகளிலும் கைவிட்டுத் துழாவினான். தைப்பனியில் முற்றம் முழுக்க ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில் வளைந்து வளைந்து ஐந்து கோடுகள் போயிருந்தன.

"குப்பண்ணே! யாரோ மீனைத் திருடிட்டாங்க!"

குப்பன் வந்து கோடுகளைப் பார்த்தார். "யாரும் திருடல சாயபு. அதுங்களே பூடுச்சுங்க. கெளுத்தி ஈரத்துல தரையிலயே நகந்து போவும்."

"இதை நேத்தே ஏன் சொல்லல?"

"மூச்சு முட்டும்னு சொன்னீங்க. படிச்சவங்க, தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு உட்டுட்டேன்."

தேடல் ஆரம்பமானது. ஒன்று பட்டைக் கட்டுக்கு அடியில் இருந்தது. ஒன்று கடுக்காய் மூட்டைகளின் நடுவே தூசியைப் பூசிக்கொண்டு கிடந்தது. மூன்றாவது, குப்பனின் டயர் செருப்புக்குள் தலையை நுழைத்துவிட்டுத் திரும்பத் தெரியாமல் நின்றது. மற்ற இரண்டும் சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தண்ணீர் தேங்கும் சாக்கடையில் இருந்தன. சாக்கடைச் சேற்றில் வாயை வைத்து, பட்டினி கிடந்த மாப்பிள்ளை விருந்தில் உட்கார்ந்த மாதிரி அவசரமாகத் தின்றுகொண்டிருந்தன.

"ஒரு நாள் முழுக்கக் கக்கினதை ஒரே வாயில துன்னுட்டுதுங்க" என்றார் குப்பன் வியப்போடு. கலீல் சாக்கடைக்குள் வலது கையை விட்டு இரண்டையும் அள்ளினான்.

அப்போது மணி எட்டு. ஹாஜியார் ஒரு மணிக்கு வருவார். சில சமயம் பன்னிரண்டரைக்கே வந்துவிடுவதும் உண்டு.

இனித் தண்ணீரை நம்பிப் பயனில்லை என்று வெள்ளையம்மாள் அரிவாள்மணையோடு உட்கார்ந்துவிட்டாள். தலையில் ஒரே போடு. வால் பக்கம் ஒரு கீறல். தலைகீழாகப் பிடித்து ரத்தத்தை வடிய விட்டாள். அடுப்புச் சாம்பலைப் போட்டுக் கருங்கல்லில் தேய்த்ததும் கோழையெல்லாம் உருண்டு வந்தது. வயிற்றைத் திறந்து, உள்ளே மஞ்சளாக ஒட்டியிருந்த கொழுப்பை நகத்தால் வழித்து எறிந்தாள்.

"இந்தக் கொழுப்புலதான் வாடையெல்லாம் கீது. அப்பறம் தோலு. ரெண்டும் போச்சுன்னா சேறும் போச்சு."

கழுத்தில் ஒரு சுற்று அறுத்து, சட்டையைக் கழற்றுவது போலத் தோலை உரித்தாள். கல்லுப்புப் போட்டுப் பிசறி, புளித்தண்ணீரில் இரண்டு தரம் அலசினாள். துண்டுகள் சட்டியில் வெள்ளை வெளேரென்று கிடந்தன.

"முடிஞ்சுது. நான் வூட்டுக்குப் போய் வேலையெல்லாம் முடிச்சு மொளகா அரைச்சுட்டு வரேன். நீங்க இதைத் தொடாதீங்க."

"தொட மாட்டேன்க்கா."

அவள் போனதும் கலீல் ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். சேறு! சந்தேகமே இல்லை. சரி, சந்தேகம் கொஞ்சம் இருந்தது. இன்னொரு துண்டை எடுத்தான். அதிலும் சேறு.

இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டுத் தேய்த்தான். மோந்தான். சேறு. சமையல்கட்டில் இருந்த மிச்சப் புளியை எல்லாம் கரைத்து ஊற்றினான். சேறும் புளியும் சேர்ந்து அடித்தன. ஆறு எலுமிச்சம்பழம் பிழிந்தான். மஞ்சளைக் கொட்டினான். இப்போது மீன் கல்யாணத்துக்கு நலுங்கு வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் மோந்தால் சேறு.

மணி பத்து. கலீல் கிடங்கு வாசலில் போய் நின்றான். உள்ளே ஆவாரம்பட்டைக் கட்டுகளும் கடுக்காய் மூட்டைகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று உடம்பு சிலிர்த்தது.

செத்த மாட்டின் பச்சைத் தோல் எப்படி நாறும்! அதைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, பட்டைத் தண்ணீரில் போட்டு, கடுக்காயில் போட்டு எடுத்தால் அதில் பணக்காரர்கள் செருப்பும் கைப்பையும் செய்துகொள்கிறார்கள். ஒருவரும் மூக்கைப் பிடிப்பதில்லை. மாட்டின் நாற்றத்தையே எடுக்கும் சரக்கு, ஒரு சாண் மீனின் நாற்றத்தை எடுக்காதா? அதுவும் ஹாஜியாரின் சொந்தச் சரக்கு!

"குப்பண்ணே, வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு எவ்ளோ இருக்கு?"

"ஒரு டப்பா கீது. ஏங்க, வெத்தல போடப் போறீங்களா?"

"டப்பாவோட குடுங்க. அப்படியே ரெண்டு புடி பட்டை, ஒரு இருவது கடுக்கா. நல்லா நசுக்கிக் கொதிக்க வையுங்க."

குப்பன் சட்டியையும் கலீலையும் மாறி மாறிப் பார்த்தார். "சாயபு, இது மீனு."

"தெரியும்ணே."

"ஆட்டுத்தோல் இல்ல."

"ரெண்டுக்கும் நாத்தம் ஒண்ணுதானே?"

குப்பன் கடுக்காயை நசுக்கப் போனார். சுண்ணாம்புத் தண்ணீரில் துண்டுகள் அரை மணி ஊறின. அரை மணி போதுமா என்ற சந்தேகத்தில் இன்னொரு அரை மணி ஊறின. பிறகு பட்டையும் கடுக்காயும் கொதித்து ஆறிய காப்பி நிறச் சாற்றில் இறங்கின. கலீல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணிக்கு ஒரு தடவை துண்டுகளைக் கரண்டியால் திருப்பிவிட்டான். மஞ்சள் துண்டுகள் செம்மண் நிறமாகி, கடைசியில் நல்ல பழுப்பு நிறத்தில் சுருங்கி நின்றன.

கரண்டியோடு எடுத்து மோந்தான். சேற்று வாடை போயே போய்விட்டது! புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெள்ளையம்மாள் அரைத்த மிளகாயோடு வந்து சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சாயபு இது?"

"மீன்தான்க்கா. வாடை போகவே இல்ல. நீங்க போனப்புறமும் நாறிட்டே இருந்துச்சு. அதான்..."

அவள் அவனுடைய வலது கையைப் பிடித்து, வீங்கிய கட்டைவிரலை அவன் மூக்கிலேயே வைத்தாள். காலையில் சாக்கடைக்குள் விட்ட அதே கை. சேறு கப்பென்று அடித்தது.

"நாறினது மீனில்ல சாயபு. உங்க கையி."

கலீல் விரலை மறுபடியும் மோந்தான்.

"இப்போ இன்னாக்கா பண்றது?"

"குழம்புல போட வேண்டியதுதான். கொதிக்க கொதிக்க எது வேகாம இருக்கும்?"

இது வேகவில்லை. முக்கால் மணி கொதித்தது. வெள்ளையம்மாள் கரண்டியால் ஒரு துண்டை அமுக்கினாள், கரண்டி வழுக்கியது. குப்பன் கத்தியால் குத்தினார். கத்தி திரும்பி வந்தது. இன்னும் விறகு வைத்தார்கள். குழம்பு சுண்டியது, மீன் சுண்டவில்லை.

அப்போது காற்றில் அத்தர் வந்தது. சற்றுப் பொறுத்து ஜீப் சத்தமும் வந்தது.

ஹாஜியார் வெள்ளைத் தாடியும் வெள்ளைக் குல்லாவுமாக இறங்கினார். "இன்னாப்பா கலீல், நல்லாக்கீறியா?" என்று தோளைத் தட்டினார். "கெளுத்தி கெடைச்சுதா?"

"கெடைச்சுது மொதலாளி" என்றான் கலீல். அதற்குமேல் உண்மையைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பாய் விரித்து, தட்டு வைத்து, சோறு போட்டு, குழம்பை ஊற்றினான். துண்டு தட்டில் விழுந்தபோது டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஜீப் டிரைவர் சேட்டு தனக்கும் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு ஜீப் பக்கம் போய்விட்டார். கதவுக்குப் பின்னால் குப்பனும் வெள்ளையம்மாளும் நின்றார்கள்.

ஹாஜியார் பிஸ்மில்லா சொல்லி ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார். மறுபடியும் மென்றார். துண்டை வெளியே எடுத்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது நீண்டது. விட்டார். சுருங்கியது.

கலீலுக்கு மனதில் இருந்த மூன்று வாக்கியங்களும் மறந்துவிட்டன. இனி ஜோஹரா இருக்கும் ஊரில் வேலை கிடைக்கவே கிடைக்காது. இந்த மலையில்கூட இடம் இருக்காது.

ஹாஜியார் துண்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அமுக்கினார். நடுவில் மடித்து, மடிப்பு வெடிக்கிறதா என்று பார்த்தார். வெடிக்கவில்லை.

"சுண்ணாம்பா?" என்றார்.

"ஆ... ஆமா மொதலாளி."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி."

"அப்பறம் பட்டை?"

"பட்டை, கடுக்கா ரெண்டும். ஒண்ணா."

"திருப்பி உட்டியா, அப்படியே போட்டுட்டியா?"

"கால் மணிக்கு ஒருக்கா திருப்பி உட்டேன். மொதலாளி, மன்னிச்சுடுங்க, நான் வேணும்னு..."

"சும்மா இருப்பா!" ஹாஜியார் துண்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மலர்ந்தது. "நம்ம ஷாப்புல ரெண்டு வாரம் ஊறினதுகூட இந்தப் பதத்துக்கு வரல. ஒரே காலையில கொண்டாந்திருக்கியே! உனக்குக் கை இருக்குடா. உன்னை இங்க மூட்டை கட்ட உட்டு வெச்சது என் தப்பு."

"மொதலாளி?"

"சுண்ணாம்புக் குழிக்கு இந்த வருசம் மூணு மேஸ்திரி வெச்சேன். ஒருத்தனும் ஒரு மாசம் நிக்கல, ஓடிப்பூட்டானுங்க. ஏன் ஓடுறானுங்கன்னே எனக்கு வெளங்கல. நீ சனிக்கிழமை கீழ வந்துடு. இனிமே நீதான் குழி மேஸ்திரி."

சனிக்கிழமை! கீழே! தினமும் வீட்டுக்குப் போகலாம். கலீல் தலையை ஆட்டினான், ஆட்டினான், நிறுத்தவே தெரியாமல் ஆட்டினான். கதவுக்குப் பின்னால் வெள்ளையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

ஹாஜியார் குழம்பை மட்டும் ஊற்றிச் சோற்றை முடித்து, கை கழுவி, மீன் துண்டை மட்டும் கைக்குட்டையில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, குப்பனோடு மூட்டைகளைப் பார்க்கப் போனார்.

கலீல் ஜீப்புக்கு ஓடினான். சேட்டு பானெட்டின் மேல் தட்டை வைத்துக்கொண்டு, ஒரு துண்டைச் சக்கரத்தில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேட்டு பாய், மொதலாளி என்னைக் கீழ வரச் சொல்லிட்டாரு! குழி மேஸ்திரி!"

"அல்லா காப்பாத்தட்டும்" என்றார் சேட்டு.

கலீலுக்கு அந்த நிமிஷத்திலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "பாய், உண்மையைச் சொல்லுங்க. மீனுல கொஞ்சமாவது சேத்து வாடை இருந்துச்சா? மொதலாளி மரியாதைக்குச் சொல்லாம உட்டிருப்பாரோ?"

"அவருக்கா வாடை?" என்று சிரித்தார் சேட்டு. "அந்தக் குழி மேல முப்பது வருசம் நின்ன மூக்கு தம்பி அது, அழுகலும் தெரியாது அத்தரும் தெரியாது, சனிக்கிழமை வந்து நில்லு, பக்ரீதுக்குள்ள உன் வூட்டு பிரியாணி வாடைகூட உனக்குத் தெரியாது."